கலந்தாய்வுக்கு முன் ஐந்து பாடவேளைகள்

செப்டம்பர் மாதத்தின் நடுப்பகுதி. காலாண்டுத் தேர்வுக்குத் திருப்புதல் நடந்துகொண்டிருந்தது. வகுப்பறை வாசலில் ஒரு மாணவி வந்து நின்றாள். அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்துச் சென்றவள். பொறியியல் கட்-ஆஃப் 160-க்கு மேல். அவள் ஏதோ ஒரு நல்ல கல்லூரியில் சேர்ந்திருப்பாள் என்றே ஆசிரியர் அறையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"சார், எனக்கு இன்னும் காலேஜ் எதுவும் வரல. எப்ப சார் வரும்?" என்று கேட்டாள்.

கலந்தாய்வின் எல்லாச் சுற்றுகளும் முடிந்து, துணைக் கலந்தாய்வும் முடிந்திருந்தது. பேருந்து நிலையம் அருகே இருந்த ஒரு கணினி மையத்தில் விண்ணப்பித்திருக்கிறாள். கைபேசி எண் கேட்ட இடத்தில் மையத்தில் இருந்தவர் தன் எண்ணையே கொடுத்திருக்கிறார். விருப்பப் பட்டியலில் மூன்றே கல்லூரிகள். மூன்றும் சென்னையிலும் கோவையிலும் இருப்பவை. மூன்றிலும் கணினி அறிவியல். அவளுடைய தரவரிசை வருவதற்குள் அந்த மூன்றும் நிரம்பிவிட்டன. அடுத்த சுற்றுக்கான செய்தி அவள் கைக்கு வரவேயில்லை.

அந்த ஓராண்டு அவள் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்த்தாள். அடுத்த மே மாதம் பள்ளிக்கு வரச் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட விருப்பங்களை வரிசைப்படுத்தினோம். இடம் கிடைத்தது. இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மதிப்பெண் முந்தைய ஆண்டு எவ்வளவோ, அதேதான். பட்டியல் மட்டுமே மாறியது.

அவள் இழந்த ஓராண்டுக்குக் கணினி மையத்தின் மீது மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. வகையீடும் தொகையீடும் நடத்த எத்தனையோ பாடவேளைகள் ஒதுக்கிய நான், அந்தப் படிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைச் சொல்ல ஒரு பாடவேளைகூட ஒதுக்கவில்லை. படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இந்த வேலையைத் தந்தையோ அண்ணனோ செய்துவிடுகிறார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த அண்ணன் நாம்தான். அதன் பிறகு எங்கள் பள்ளியில் நடத்திவரும் ஐந்து பாடவேளைகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தொடக்கப் பள்ளியில் செய்ய வேண்டியது

ஐந்து பாடவேளைகளுக்கும் முன்பாக ஒரு வேண்டுகோள். கல்லூரி விண்ணப்பம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அன்று நாம் எழுதும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை எமிஸ் பதிவுக்கும், அங்கிருந்து பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றிதழுக்கும் போகின்றன. பதிவேட்டில் 'சு. கவிதா', ஆதாரில் 'கவிதா சுப்பிரமணி', வங்கிப் புத்தகத்தில் 'எஸ். கவிதா' என்று இருந்தால், பதினேழு வயதில் அந்தப் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டம், தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆகியவற்றுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தார் என்பதே அடிப்படை. இடையில் ஊர் மாறி, பள்ளி மாறிய பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழும் எமிஸ் பதிவும் இடைவெளியின்றித் தொடர்கின்றனவா என்று பாருங்கள். ஏழாம் வகுப்பில் விடுபட்ட ஒரு பதிவு, கல்லூரி வாசலில் வந்து தடுக்கும்.

பாடவேளை 1: எந்தப் பிரிவு எந்தக் கதவைத் திறக்கும்?
(பத்தாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வுக்குப் பின்)

பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பெரும்பாலும் நண்பன் எடுத்ததையோ, இடம் காலியாக இருந்ததையோதான் பிள்ளைகள் எடுக்கிறார்கள்.

கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரையுங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவு முதல் கட்டம். பி.இ., பி.டெக். படிப்புகளுக்கு வழி இதுதான். உயிரியல் உள்ள பிரிவு இரண்டாவது. நீட் தேர்வெழுதி மருத்துவம், பிளஸ் டூ மதிப்பெண் கொண்டு பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., வேளாண்மை ஆகியவை இதில் வரும். வணிகவியல், கணக்குப்பதிவியல் பிரிவு மூன்றாவது. பி.காம்., பட்டயக் கணக்காளர் போன்றவற்றுக்கு இது இயல்பான பாதை. வரலாறு, பொருளியல் பிரிவு நான்காவது. பி.ஏ. படிப்புகளுக்கும், அதன்பின் போட்டித் தேர்வுகளுக்கும் இது நல்ல அடித்தளம்.

பிறகு கட்டங்களுக்கு வெளியே சிலவற்றை எழுதுங்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எந்தப் பிரிவு மாணவரும் சேரலாம். பி.ஏ. தமிழ் இலக்கியமும் அப்படியே. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர், பி.இ. படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ அறிவியல் பிரிவோ தொழிற்கல்விப் பிரிவோ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். ஐ.டி.ஐ.யும் ஒரு கதவுதான்.

செயல்பாடு: ஒவ்வொரு மாணவரும் 'மூன்று கதவுகள்' என்று தலைப்பிட்டு மூன்று படிப்புகளை எழுத வேண்டும். முதலாவது, மிகவும் விரும்புவது. இரண்டாவது, அது கிடைக்காவிட்டால் மகிழ்ச்சியோடு ஏற்பது. மூன்றாவது, எப்படியும் கிடைக்கக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேவையான பாடங்கள், நுழைவுத் தேர்வு உண்டா இல்லையா என்ற இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று கதவுகளும் ஒரே பாடப்பிரிவில் திறக்கின்றனவா என்று பார்த்தாலே, எந்தப் பிரிவு எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பாடவேளை 2: கட்-ஆஃப் கணக்கு
(பதினொன்றாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கம்)

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதாவது கணித மதிப்பெண் அப்படியே சேரும். மற்ற இரண்டும் பாதியாகும்.

இரு மாணவர்களின் மதிப்பெண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

முதல் மாணவர்: கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 81.
இரண்டாம் மாணவர்: கணிதம் 74, இயற்பியல் 88, வேதியியல் 91.

மூன்று பாடங்களின் கூடுதல் முதல் மாணவருக்கு 243, இரண்டாமவருக்கு 253. யார் முந்துவார் என்று கேட்டால் வகுப்பே இரண்டாமவரைச் சொல்லும். இப்போது கட்-ஆஃப் கணக்கிடச் சொல்லுங்கள்.

84 + 39 + 40.5 = 163.5
74 + 44 + 45.5 = 163.5

இருவரும் சமம். சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண் பார்க்கப்படும். எனவே பத்து மதிப்பெண் குறைவாகப் பெற்றவர் தரவரிசையில் முன்னே நிற்கிறார். அந்த நேரத்தில் வகுப்பில் ஏற்படும் அமைதியை நீங்கள் பார்க்க வேண்டும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று, இயற்பியலில் கூடினால் அரை. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை மாணவரே தீர்மானித்துக்கொள்வார்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. தமிழ், ஆங்கிலம் தவிர்த்த நான்கு பாடங்களின் கூடுதல், 400-க்குப் பார்க்கப்படும். அங்கே 253-க்கு மதிப்பு உண்டு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் பார்க்கப்படும். "மொழிப்பாடம் எதற்கும் உதவாது" என்று சொல்லிக்கொண்டு திரியும் பிள்ளைகளுக்கு இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

பாடவேளை 3: சான்றிதழ்க் கோப்பு
(பன்னிரண்டாம் வகுப்பு, ஜூலை மாதம்)

மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை கட்டுகிறார்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு படியாக நகர வேண்டும். ஏதாவது ஒரு படியில் நின்றுவிட்டால் கடைசி நாள் கடந்துவிடும். ஜூலை மாதத்தில் தொடங்கினால் இந்தப் பதற்றம் இல்லை.

கோப்பில் இருக்க வேண்டியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேவைப்படுவோருக்கு இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி எனில் அதற்குரிய சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், மாணவர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம். வருமானச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. ஆகவே அதை மட்டும் கடைசியில் எடுக்கச் சொல்லலாம். நீட், ஜே.இ.இ. போன்ற மத்திய அரசின் சேர்க்கைகளுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. பிற்படுத்தப்பட்டோர், ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே பெற வேண்டும்.

நம் மாநிலத்தில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. சான்றிதழ் இல்லாமல் போனால் அந்தப் பிள்ளை பொதுப் பிரிவில் நின்று போட்டியிட வேண்டியதாகிவிடும். பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்ட நிலையில் பெற வேண்டியிருப்பதால் அதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும். உங்கள் வகுப்பில் அத்தகைய பிள்ளை ஒருவர் இருந்தாலும் ஜூன் மாதமே தொடங்கிவிடுங்கள்.

தந்தை இல்லாத, அல்லது பிரிந்து வாழும் குடும்பத்துப் பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பேசுங்கள். 'அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா' என்று வகுப்பில் சொல்லும் ஒரு வரியிலேயே அவர்கள் முயற்சியைக் கைவிட்டுவிடுவார்கள். தாயுடன் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க நாமும் ஒரு நாள் உடன் சென்றால் வேலை நடக்கும்.

பாடவேளை 4: விருப்பப் பட்டியல் விளையாட்டு
(பன்னிரண்டாம் வகுப்பு, பொதுத்தேர்வு முடிந்த வாரம்)

பொறியியல் கலந்தாய்வு இப்போது இணையவழியில் நடக்கிறது. மாணவர் தரும் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருடைய முறை வரும்போது காலியாக உள்ள முதல் விருப்பத்தைக் கணினி ஒதுக்குகிறது. இதை எவ்வளவு விளக்கினாலும் மனதில் நிற்காது. விளையாட்டாக நடத்தினால் நிற்கும்.

அ, ஆ, இ, ஈ என்று நான்கு கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் மூன்று இடம். ஆக 12 இடங்கள். பத்து மாணவர்களை அழைத்து 1 முதல் 10 வரை தரவரிசைச் சீட்டு கொடுங்கள். எல்லோருக்கும் அ, ஆ, இ, ஈ என்ற வரிசையிலேயே விருப்பம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் எண் மாணவரை மட்டும் அ, ஆ என்ற இரண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

முதல் மூவருக்கு அ, அடுத்த மூவருக்கு ஆ, அதற்கடுத்த மூவருக்கு இ. பத்தாமவருக்கு எதுவும் இல்லை. ஈ கல்லூரியில் மூன்று இடங்கள் காலியாகவே இருக்கின்றன. பத்துப் பேருக்குப் பன்னிரண்டு இடம் இருந்தும் ஒருவர் வெளியே நிற்கிறார். வாசலில் வந்து நின்ற என் மாணவிக்கு நடந்தது இதுதான்.

இரண்டாம் முறை பத்தாமவர் நான்கையும் எழுதட்டும். ஈ கிடைத்துவிடும். எட்டாத அ கல்லூரியை முதலில் எழுதியதால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டுங்கள்.

மூன்றாம் முறை, நான்காம் எண் மாணவர் 'நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது' என்று பயந்து, இ கல்லூரியை முதலில் எழுதட்டும். அவருக்கு இ ஒதுக்கப்படும். ஆ கல்லூரியில் இடம் இருந்தும் கணினி அதைக் கொடுக்காது. கேட்டது இ என்பதால் கொடுத்ததும் இ.

இதிலிருந்து மாணவர்களே மூன்று விதிகளைச் சொல்வார்கள். உண்மையான விருப்ப வரிசையில் எழுத வேண்டும். பட்டியல் நீளமாக இருக்க வேண்டும். கிடைத்தால் போகமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை எழுதக்கூடாது. முந்தைய ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் போனது என்பதைப் பார்த்து, தம் கட்-ஆஃபுக்கு மேலே சில, ஒட்டிச் சில, கீழே பல என்று பட்டியலை நிரப்பச் சொல்லலாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகும் வேலை இருக்கிறது. ஏற்றுக்கொண்டு சேரலாம். ஏற்றுக்கொண்டு, மேலுள்ள விருப்பம் கிடைக்குமா என்று காத்திருக்கலாம். ஏற்காமல் மேல்விருப்பத்துக்கு மட்டும் காத்திருக்கலாம். மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். விலகியும் கொள்ளலாம். இவற்றில் ஒன்றைக் குறித்த நாளுக்குள் பதிவு செய்தே ஆக வேண்டும். எதையும் சொல்லாமல் இருந்தால் இடம் கைநழுவும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாவது வழி பாதுகாப்பானது. கையில் ஒன்று இருக்கும், மேலே ஒன்று வந்தாலும் வரும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காட்டுக்கான தனித் தரவரிசையும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. பொதுக் கலந்தாய்விலும் அவர்கள் பங்கேற்கலாம் என்பதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, கைபேசி எண். விண்ணப்பத்தில் மாணவரின் அல்லது பெற்றோரின் எண்ணே இருக்க வேண்டும். ஓ.டி.பி.யும் ஒதுக்கீட்டுச் செய்தியும் அந்த எண்ணுக்கே வரும். ஒவ்வொருவரும் தமக்கென மின்னஞ்சல் முகவரி தொடங்கி, கடவுச்சொல்லைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். பொறியியல் சேர்க்கைச் சேவை மையங்களில் விண்ணப்பிக்கக் கட்டணமின்றி உதவுகிறார்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

பாடவேளை 5: பெற்றோருடன் ஒரு மாலை
(பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து)

விண்ணப்பத்தைப் பிள்ளை நிரப்பினாலும் முடிவெடுப்பது வீடு. 'அவ்வளவு தூரம் பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்புறது', 'பணத்துக்கு எங்க போறது' என்ற இரண்டு கேள்விகள் வரும். இரண்டும் நியாயமான கேள்விகள். அறிவுரையாகப் பேசாமல் கணக்காகப் பேசுவோம்.

கல்விக் கட்டணம், விடுதி, பேருந்து, புத்தகம் என்று ஓராண்டுச் செலவைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதற்கு எதிரே கிடைக்கக்கூடியவற்றை எழுதுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவருக்கும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. ஒற்றைச்சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் உதவித்தொகையும் விடுதிகளும். இவற்றுக்குப் பிறகும் தேவைப்பட்டால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக வங்கிக் கல்விக்கடன். கடனைக் கடைசியில் எழுதுவதே முறை.

மகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் தாயிடம் நாம் பேசுவதைவிட, கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருத்தி பேசினால் போதும். 'மெஸ்ல சாப்பாடு எப்படி, ராத்திரி எத்தன மணிக்குக் கதவ மூடுவாங்க' என்று அந்தத் தாய் கேட்பார். நம்மால் சொல்ல முடியாத பதில்கள் அவை.

விடுபட்டவர்களை மறக்காதீர்கள்

தேர்ச்சி பெறாத பிள்ளைகள் முடிவு வெளியான அன்றே நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டு. அதில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வும் உண்டு. அந்த ஆண்டிலேயே கல்லூரிக்குப் போக முடியும். 'உயர்வுக்குப் படி' போன்ற அரசின் முயற்சிகள் இவர்களுக்காகவே நடத்தப்படுகின்றன.

எங்கள் பள்ளியில் ஒரு எளிய பதிவேடு வைத்திருக்கிறோம். பிளஸ் டூ மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், பெற்றோர் எண், விண்ணப்பித்தது, ஒதுக்கீடு, சேர்ந்த நாள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும், காலியாக உள்ள கட்டங்களுக்கு உரியவர்களைத் தொலைபேசியில் அழைக்கிறோம். ஆளுக்குப் பத்துப் பேர் என்று ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டால் அரை மணி நேர வேலை.

விதிமுறைகளும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. எனவே அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை அச்செடுத்து, வகுப்பில் பாடநூலைப் போலவே வாசிக்க வையுங்கள். அறிவிப்பைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், கல்லூரிக்குப் பிறகும் அது அவர்களுக்குக் கைகொடுக்கும்.

சென்ற ஆண்டு விருப்பப் பட்டியல் விளையாட்டை நடத்த அந்த மாணவியையே அழைத்திருந்தேன். பத்தாம் எண் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். இடமில்லாமல் ஓரமாக நின்றபடி, "இங்கதான் நான் ஒரு வருஷம் நின்னேன்" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை பிளஸ் டூ பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தம் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒருவர் பட்டியலிலும் மூன்றோடு நிற்கவில்லை.